என் அக்கா இன்னும் பிறக்கவில்லையாம்

கடல் பொங்கி ஊர்களை அழித்த மார்கழி போய், மறு வருஷம் வைகாசி. எங்கள் கூடலூரில் பேய்க்காற்று அடித்து ரேஷன் கடையின் தகரக் கூரை பறந்து போய், மாதா கோயில் பலா மரத்தில் மாட்டிக்கொண்டது. மூன்று நாளாக அதை இறக்க ஆள் கிடைக்கவில்லை. அது மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நான் சிலோனுக்குக் கிளம்பினேன். அதனால்தான் மாதம் மறக்கவில்லை. தேதி கேட்டால் தெரியாது. எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் சாவித்திரி அச்சடிக்கிறாள். நான் திட்டிய இடங்களில் பாதியை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். மீதி இது.

போன காரணம் இரண்டு. என் கடைசி மகள் வசந்தி சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறாள். ஹட்டன் பக்கம் ஒன்பது தேயிலைத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளில் ஒரு தர்ம ஸ்தாபனம் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருக்கிறது. அதில் ஓடும் புரோகிராமைச் சோதித்துவிட்டு வரும்படி அவளை ஒரு வாரத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது காரணம் என் அக்கா மாரியாயி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், நான் பிறந்த அதே லயத்தில், தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், இருக்கிறாள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஜனங்களைப் பங்கு பிரித்தபோது நான் இந்தியாவுக்கு, அவள் சிலோனுக்கு. முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது, ஆள் தெரியவில்லை, குரல்தான் தெரிகிறது என்று யாரையோ வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள். அந்த வாரம் ஹட்டனில் கண் ஆபரேஷன் முகாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு முடிகிறது. சனிக்கிழமை நாங்கள் திரும்பவேண்டும். அதற்குள் அவளுக்கு ஆபரேஷன் ஆகி, கட்டை அவிழ்த்து, என் முகத்தை அவள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கொழும்பில் இறங்கியதுமே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் புரட்டிய உத்தியோகத்தர், பிறந்த இடம் வட்டகொடை என்று போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, இந்த நாட்டுக்கு எதற்காக வந்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். அவர் அசந்துபோய், சிங்களம் எங்கே படித்தாய் என்றார். லயத்துத் தண்ணீர்ப் பீலியில் வரிசையில் நின்று படித்தேன் என்றேன். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் பிறந்த வீட்டுக்குள் நுழைய முத்திரை வேண்டியிருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ரயிலில் உட்கார இடமில்லை. புத்தருக்கு எடுக்கிற வெசாக் பண்டிகை முடிந்து ஊருக்குத் திரும்புகிற கூட்டம். நாவலப்பிட்டிக்கு மேலே ஏறியதும் இஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாமல், தலையில் கூடையோடு வடைக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். முழு இறாலைத் தோலோடு மேலே பதித்துப் பொரித்த வடை. மிளகாய் சுரீர் என்று இறங்கியது. எங்கள் ஊர் வடையில் ஓட்டை இருக்கிறது, இவர்கள் வடையில் இறால் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சிலோன்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

ரயில் நின்றதும் பாதிப் பேர் கீழே இறங்கியதில் இடம் கிடைத்து, வசந்தி மடியில் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டாள். எதிரே இரண்டு சிங்களத்து அம்மாக்கள். கல்யாண ஆல்பமாக இருக்கும் என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள். திரை முழுக்கக் கறுப்பு, அதில் நாலு வரி வெள்ளை எழுத்து. "பாவம், பெட்டி உடைந்துவிட்டது, படமே வரவில்லை" என்று மற்றவள் உச்சுக் கொட்டினாள். நான் வசந்தியிடம் தமிழில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, இது படம் வராத வேலைதான் என்றாள். என்ன வேலை என்று கேட்டேன். எனக்குப் புரியும்படி சொல்ல அவளுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஒரு புரோகிராமை முழுக்க ஒரே ஆள் எழுதுவதில்லையாம். தேதியைப் படிக்க ஒரு துண்டு, அச்சடிக்க ஒரு துண்டு என்று வெளியாள் யாரோ எழுதி வைத்த துண்டுகளை வாங்கிக் கோத்துக்கொள்வார்களாம். துண்டைத் திருத்தத் திருத்த அதன் நம்பர் ஏறும். எந்தத் துண்டு, எந்த நம்பர் என்று ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஹட்டனில் ஒன்பது தோட்டத்துக்கும் ஒரே புரோகிராம்தான். ஆனால் நாலு வருஷத்தில் நாலு ஆள் வந்து, அந்தந்த நேரத்தில் கையில் கிடைத்த துண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது ஒன்பது பட்டியல். ஒன்றோடு ஒன்று ஒத்துவராது.

"ஒம்பது கங்காணி ஒம்பது பெரட்டு வச்சிருக்கான்னு சொல்லு" என்றேன்.

தோட்டத்தில் பெரட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிகாலையில் தப்படித்ததும் அத்தனை பேரும் ஒரே களத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு செக்ரோல், அதுதான் பேர்ப் பதிவேடு. பேர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று பிரித்து விடுவார்கள். வெள்ளைக்காரன் எங்களைக் கசக்கிப் பிழிவதற்கு ஏற்படுத்திய ஏற்பாடுதான் அது. ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அதில் ஒளியவே முடியாது.

வசந்தி திரையைக் காட்டினாள். "அதேதாம்ப்பா. நான் ஒரே பெரட்டு ஆக்கறேன். ஒரே லிஸ்ட், ஒரே எடத்துல. இங்க ஒரு வரி அடிச்சா ஒம்பதையும் கூப்பிட்டு நிறுத்தி, யாரு லிஸ்ட்டுல சொன்ன நம்பர்ல இல்லன்னு காட்டிக் குடுத்துரும். இன்னொரு வரி அடிச்சா எல்லாத்தையும் லிஸ்ட்டுப்படி மாத்திரும்."

நல்ல காரியம்தானே, கம்பெனியில் மெச்சிக்கொண்டார்களா என்றேன். இது வாடிக்கைக்காரர் கேட்காத வேலை, இதில் நேரத்தை வீணாக்காதே என்று அவளுடைய மேலாளர் சொல்லிவிட்டாராம். அதனால் ராத்திரியிலும் ரயிலிலுமாகச் செய்துகொண்டிருக்கிறாள். கேட்காத வேலையாம். கூரை ஒழுகினால் மழையா வந்து மனுப் போடும்?

ஹட்டனில் குளிர் எலும்பைத் தொட்டது. கடைவீதியில் வெசாக்குக்குக் கட்டிய காகித விளக்குக் கூடுகள் மழையில் கிழிந்து கம்பியோடு தொங்கிக்கொண்டிருந்தன. கடையொன்றில் மாலுபானும் பிளேன்டீயும் கேட்டோம். மாலுபான் என்பது மீன் வைத்த பன், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேத்தண்ணீர்! கண்ணுக்கெட்டிய மலையெல்லாம் தேயிலை, கிளாசில் இருந்தது கூட்டிப் பெருக்கிய தூள். முன்பும் அப்படித்தான். நல்ல தூள் கப்பல் ஏறிவிடும், பறித்தவனுக்கு மிஞ்சினது. முப்பத்தொரு வருஷத்தில் இதைக்கூடவா மாற்றவில்லை என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் அமைதியாக இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அக்காவைப் பார்க்கப் புறப்பட்டோம். டயகம போகிற பஸ், தலவாக்கலை வரைக்கும் எங்களுக்கும் அதுதான். பாதி வழியில் டயர் போயிற்று. டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கியை யார் வீட்டில் விட்டது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரக் கல்லில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கறுப்பையா என்று ஒரு பெரியவர், டயகமக்காரர். கண் முகாமுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டு வருகிறாராம். ஏன் என்றேன்.

"ஆள் மாறாட்டமாங்க. அட்டையில ஒரு வருசம், அவங்க லிஸ்ட்டுல ஒரு வருசம். எவன் அட்டையத் திருடிட்டு வந்தேன்னு கேக்குறாங்க."

லிஸ்ட்டில் எப்படி வருஷம் மாறியது என்று வசந்தி கேட்டாள். தோட்டத்துக் கிளார்க்குதான் மாற்றிப் போட்டாராம், நிஜ வருஷத்தைப் பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை என்று. வசந்தி அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தலவாக்கலையிலிருந்து ஆட்டோவில் போய், அது ஏற மறுத்த இடத்திலிருந்து நடந்தோம். லயம் அப்படியே இருந்தது. தகரம் மட்டும் இன்னும் கறுத்திருந்தது. அக்கா வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசுவதற்கு முன்னால் என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள்.

"மூக்கு அப்பாவோடது. மத்ததெல்லாம் எங்கடா விட்டுட்டு வந்த?"

தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து வைக்கச் சொல்லியிருந்தாள். அந்தச் சம்பலுக்கு நான் முப்பத்தொரு வருஷம் அலைந்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாசிக் கருவாடு கிடைக்காது. கிடைத்தாலும் அதை இடிக்கத் தெரிந்த கை கிடைக்காது. சாப்பிட்டுக்கொண்டே முகாமுக்கு எப்போது கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். கூப்பிடவில்லை என்றாள். பக்கத்துத் தோட்டத்தில் அவள் வயசுக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு ஆபரேஷனும் முடிந்துவிட்டதாம். இவள் பேர் லிஸ்ட்டிலேயே வரவில்லை.

அப்போதுதான் குசுமா என்கிற தாய்சேய் நர்ஸ் வந்தாள். சிங்களத்துப் பெண், மழையில் நனைந்து, தோளில் தொங்கு தராசோடு. குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டுத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, அந்தத் தராசு. இந்தக் காம்பரா வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, ஒரு தடவைகூட எடை பார்க்கக் கொண்டுவரவில்லை, இதுவரை ஒரு தடுப்பூசி இல்லை, பெற்றவர்கள் யார் என்று அதட்டலாகக் கேட்டாள். நான் அக்காவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுக்கும் சிங்களம் தெரியும். குழந்தையின் பேர் என்ன என்று கேட்டாள். நர்ஸ் தாளைப் பார்த்து, மாரியாயி என்றாள்.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "நாந்தாம்மா அது. தூக்கிக் கட்டு, பாப்போம்."

நர்ஸ் முதலில் சிரித்தாள், பிறகு அவள் முகம் செத்துப்போயிற்று. தாளை வசந்தியிடம் நீட்டினாள். ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைகளின் பட்டியல். அக்கா பேர், லய நம்பர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. வயசு என்ற இடத்தில் இருபத்து நாலு, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு என்ன என்று கேட்டேன்.

"இன்னும் இருபத்து நாலு வருஷம் கழிச்சுத்தான் அத்தை பொறப்பாங்கன்னு அர்த்தம்ப்பா" என்றாள் வசந்தி.

அக்கா முகத்தை என் பக்கம் திருப்பினாள். "அப்ப இத்தன வருசமா கொழுந்து பறிச்சவ யாரு?"

விஷயம் இதுதான். அந்த நாட்டு அடையாள அட்டை நம்பரில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அக்காவுக்கு இருபத்தொன்பது. வருஷத்தைப் படிக்கிற துண்டில் ஒரு நம்பர் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது என்று ஒழுங்காகப் படிக்கிறது. இன்னொரு நம்பர், முப்பதுக்குக் கீழே எது வந்தாலும் இரண்டாயிரம் என்று சேர்த்துவிடுகிறது. அதனால் அக்கா இனிமேல்தான் பிறக்கவேண்டும். பிறக்காதவள் ஐந்து வயசுக்குக் குறைந்தவள்தானே, அதனால் குழந்தைகள் பட்டியலில் வந்துவிட்டாள். பெரியவர்களுக்கான கண் பட்டியலில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியில் நல்ல துண்டு, இந்தத் தோட்டத்துப் பெட்டியில் கெட்ட துண்டு. நடுவில் ஒரு ஓடைதான். நான் கேட்கிறேன், அடையாள அட்டை வைத்திருக்கிற குழந்தையை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? இதை ஒரு மனுஷன் எழுதினானே, இன்னொரு மனுஷன் சோதித்தானே?

டிஸ்பென்சரிக்கு இறங்கிப் போனோம். அங்கே கிளார்க், நல்ல பையன்தான், டை கட்டியிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதற்கு வழியிருக்கிறது என்றான்.

"அம்மாவுக்கு முப்பத்தஞ்சுன்னு போட்டுருவோம்ங்க. பெட்டி எடுத்துக்கும். மத்தத் தோட்டத்துலயும் அப்படித்தான் செய்யிறாங்க."

கறுப்பையா ஏன் திரும்பி வந்தார் என்பது அப்போது விளங்கியது. இது எனக்குப் புதுசில்லை. எனக்குப் பன்னிரண்டு வயசில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, கணக்கப்பிள்ளை என்னைப் பதினாலு என்று எழுதினார். செக்ரோலில் பேர் ஏற அந்த வயசு வேண்டும். புல்லு வெட்ட ஆள் வேண்டும், வயசைக் கூட்டினார்கள். பிறகு கணக்கு முடித்துக் காசு கொடுக்க வேண்டி வந்தபோது, அதை மிச்சம் பிடிக்க இன்னொருத்தர் குறைத்தார். இன்றைக்கும் என் பாஸ்போர்ட்டில் இருப்பது யாரோ ஒருவருடைய வயசு. தோட்டத்தில் என்றைக்கும் புத்தகம் தப்பாகாது, ஆள்தான் தப்பாவோம். புத்தகம் போய்ப் பெட்டி வந்தும் அதே புத்தி. பெட்டி தப்பாகப் படித்தால் பெட்டியைத் திருத்த மாட்டான், கிழவியைத் திருத்துவான்.

இதையெல்லாம் அந்தக் கிளார்க்கிடம் உரக்கவே சொன்னேன். வசந்தி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

புதன்கிழமை ஹட்டனில் ஸ்தாபனத்தின் காரியாலயம். அதற்குப் பொறுப்பானவர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை. ஒன்பது தோட்டத்துப் புரோகிராமின் பிரதியும் அங்கேதான் இருந்தது. வாராவாரம் எல்லாத் தோட்டத்துப் பேர் விவரங்களும் சிடியில் அங்கே வந்துவிடும். ஆனால் முகாம் பட்டியலை அந்தந்தத் தோட்டம்தான் அச்சடித்து அனுப்பும்.

வசந்தி கறுப்புத் திரையில் அந்த ஒரு வரியை அடித்தாள். ஒன்பது தோட்டமும் வரிசையாக வந்து நின்றது. ஐந்து சரி. நாலின் பக்கத்தில், லிஸ்ட்டில் இருப்பது இந்த நம்பர், உன்னிடம் இருப்பது அந்த நம்பர் என்று காட்டியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நாலு வருஷமாக யாருக்கும் தெரியாமல் கிடந்த விஷயம்.

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனா ஒவ்வொரு தோட்டமும் தன்ர பெட்டிக்குத் தானே பொறுப்பு. நான் இஞ்ச இருந்துகொண்டு கை வைக்கேலாது."

அந்த நாலு தோட்டத்து மேனேஜர்களான துரைமாரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டுமாம். ஒரு துரை கொழும்பில், ஒருவர் லீவில். வசந்தி சென்னைக்குப் போன் போட்டாள். மேலாளர், காகிதத்தில் இருக்கிற வேலையை மட்டும் செய்துவிட்டு வா, வேறு எதையும் தொடாதே என்றாராம். ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை பாருங்கள். எல்லோரும் தன் பொறுப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் யாரைப் போய் அடிப்பது?

அன்று முழுக்க மழை. தங்கின அறையில் வசந்தி படுத்திருந்தாள். நான் ஜன்னலில் நின்று ஸ்டேஷனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை வசந்தி வாதாடவில்லை. அக்கா தோட்டத்துப் புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு, சார், உங்களுக்குத் தெரிந்த வயசானவர் யாருடைய அட்டை நம்பராவது சொல்லுங்கள் என்றாள். அவர் யோசித்து, பருத்தித்துறையில் இருக்கிற தன் தாயாரின் நம்பரைச் சொன்னார். மனப்பாடமாக வைத்திருந்தார். பதினெட்டில் ஆரம்பிக்கிற நம்பர். வசந்தி அடித்தாள். வயசுக்கு முன்னால் கோடு, பதின்மூன்று. கீழே அதுவாகவே ஒரு வரி வந்தது: சொட்டு மருந்து கொடுக்கப்படவில்லை.

கனகசபை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கில் பத்து வார்த்தை துடித்தது. சொல்லவில்லை. கடைசியில் அவர்தான் பேசினார். "அம்மா சண்டையில ரெண்டு தரம் இடம்பெயர்ந்தவ. அகதி முகாமில பதியேக்க அந்த நம்பர் பிழைச்சா சாப்பாடு இல்லை எண்டு எனக்குப் பாடமாக்கி வைச்சவ." பிறகு பேனாவை எடுத்தார். "அடியுங்கோ பிள்ளை. துரைமாருக்கு நான் பதில் சொல்லுறன்."

இரண்டாவது வரியை அடித்தாள். பட்டியலில் ஒரே இடத்தில் ஒரு நம்பர், அவ்வளவுதான். ஒன்பது தோட்டமும் அதற்குக் கட்டுப்பட்டது. சாயங்காலத்துக்குள் காரியாலயத்திலேயே நாலு தோட்டத்துக்கும் கண் பட்டியலைப் புதிதாக அச்சடித்தார்கள். நேற்றுவரை பிறக்காமலிருந்தவர்களும், கிளார்க்குகள் வயசைக் குறைத்துக் கெடுத்தவர்களுமாகப் பத்தொன்பது பேர். குறைத்த வயசுகளைப் பழைய ரெஜிஸ்தரைப் பார்த்துக் கனகசபையே தன் கையால் திருத்தினார். கறுப்பையா பேர் அதில் இருந்தது. அக்கா பேர் இருந்தது. கனகசபை ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு, தோட்டம் தோட்டமாகப் போன் பண்ணினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை. முகாம் மத்தியானம் வரைக்கும்தான். பத்தொன்பது கண் தெரியாத கிழவன் கிழவிகளை மலையிலிருந்து இறக்க வண்டி வேண்டும். அக்கா தோட்டத்தில் கொழுந்து லொறியைக் கேட்டதற்கு, கொழுந்து ஏற்றிய பிறகு தருகிறோம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. தோட்டத்தை மேற்பார்க்கும் அந்தக் கண்டாக்கு ஐயாவிடம் என்ன சொன்னேன் என்பது சாவித்திரி அச்சடிக்க மறுத்த இடங்களில் ஒன்று. லொறி வந்தது. கொழுந்துச் சாக்கை விரித்து அக்காவையும், அந்த நாலில் கிட்டத்தில் இருந்த இன்னொரு தோட்டத்துக்காரர்களையுமாக ஏழு பேரை ஏற்றினோம். அக்கா டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா ஓட்டுப்பா, பச்சப்புள்ள இருக்கு" என்று தன்னையே சொல்லிக்கொண்டு வந்தாள். பதினொன்றரைக்கு ஹட்டன் சேர்ந்தோம், ஏழு பேரையும் ஆபரேஷனுக்கு உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

டயகமப் பக்கத்து வண்டி வரவில்லை. அந்த மழையில் ரோட்டில் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வாகனம் விட்டார்களாம். இரண்டு மணிக்கு மேல் வந்தது. அதிலிருந்து பன்னிரண்டு பேர் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள், முன்னால் கறுப்பையா. உள்ளே டாக்டர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்புக்குப் போக வேண்டும், கருவியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முகாம் எப்போது என்று கேட்டதற்கு ஒருத்தருக்கும் தெரியவில்லை. கறுப்பையா தன் அட்டையையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டினார்.

"இப்ப நான் நாந்தானுங்களே ஐயா?"

நீங்கள்தான் பெரியவரே என்றார் டாக்டர். அவருக்கும் சங்கடம்தான். அந்த ஒரு வரியைத் திங்கட்கிழமை அடித்திருந்தால், புதன்கிழமையே அடித்திருந்தால்கூட, அந்தப் பன்னிரண்டு பேரும் கட்டோடு திரும்பியிருப்பார்கள். மண் சரிந்தது மழையின் குற்றம் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் ரயிலுக்கு முன்னால் முகாம் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் அக்காவின் கட்டை அவிழ்த்தாள். ஒரு கண்தான் செய்திருந்தார்கள். தண்ணீர் வழிய வழிய இமைத்தாள். என்னைப் பார்த்தாள், மேலும் கீழும் பார்த்தாள். என் சட்டையில் மேல் பொத்தான் போடாமல் இருந்ததைப் போட்டுவிட்டாள். வசந்தியின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு வார்டைச் சுற்றிப் பார்த்தாள், ஒவ்வொரு கட்டிலாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே.

"பத்தொம்பது பேருன்னியேடா. இங்க ஏழுதானே இருக்கு?"

நான் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் கையைப் பிடித்தபடி கேட்டாள். பிறகு கையை விட்டுவிட்டாள். "எனக்குத் தெரியுதுன்னு சந்தோசமா ஊருக்குப் போயிறாத. போற எடத்துலயெல்லாம் இதச் சொல்லு."

வசந்திக்குச் சென்னையில் பாராட்டு இல்லை. கேட்காத வேலை செய்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாள். மற்ற ஊர்களில் அவள் கம்பெனி போட்ட புரோகிராம்களில் இன்னும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல்தானாம், எது எந்த நம்பரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதாம்.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, சென்னையிலோ பெங்களூரிலோ கொழும்பிலோ, இந்த வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அவர்கள் சாப்பிட உட்காரும்போது இதைச் சொல்லுங்கள். எந்தத் துண்டு எந்த நம்பர் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், டயகமவில் பன்னிரண்டு பேர் இன்னும் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளை இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.